விட்ட குறையும் தொட்ட குறையும்

வடமொழியிற் புகழ்பெற்ற பாணபட்டர், காதம்பரி என்னும் உரைநடைக் காவியத்தை முடிக்குமுன் காலமானார். எஞ்சிய பகுதியை அவர் மைந்தர் எழுதி நிறைவேற்றினார். இறந்தவர் குறையாக விட்டுச்சென்ற கலைப்படைப்பைப் பிறர் தொடலாமா என்னும் வினா அத்துணைப் பழைமை வாய்ந்தது. அண்மை ஆண்டுகளில் மேல்நாட்டில் வெளிவந்த இரண்டு இசைப்பதிவுகள் அவ்வினாவை மீண்டும் எழுப்பியுள்ளன. ஒன்று றொக் இசை; மற்றையது தற்காலச் செவ்வியல் இசை.

முதலாவது, பீற்றில்ஸ் குழுவினரின் 'நவ் அண்ட் தென்' என்னும் பாட்டு. 1970ஆம் ஆண்டிலே கலைந்துபோன இக்குழுவைச் சேர்ந்த ஜோன் லெனன், அப்பத்தாண்டின் பிற்பகுதியில், நியூயோர்க்கிலிருந்த தம் இல்லத்தில் பியானோவை இசைத்தபடியே இதனைப் பாடி, சாதாரண ஒலிநாடாவிற் பதிந்து வைத்தார். 1980 டிசம்பர் 8ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்நாடாவைப் போல் மக்கார்ட்னியிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு, எஞ்சிய மூவரும் கூடிப் பாட்டை முடிக்க முயன்றனர். ஆயின் பியானோவின் ஓசை குரலை மறைத்தது. மின்சார இரைச்சலும் உடன் கலந்திருந்தது. முயற்சி கைவிடப்பட்டது. 2001இல் ஜோர்ஜ் ஹரிசனும் மறைந்தார்.

பின்னர், கலந்துகிடக்கும் ஓசைகளை இனம் பிரித்தறியக் கணினியைப் பழக்கும் முறை தோன்றியது. 2021இல் வெளிவந்த 'கெற் பக்' என்னும் ஆவணப்படத்தின் பொருட்டுப் பீற்றர் ஜக்சன் குழுவினர் அம்முறையைக் கையாண்டனர். நீரினின்றும் பாலைப் பிரிக்கும் அன்னம்போல, அது லெனனின் குரலைத் தனியே பிரித்துக் கொடுத்தது. அக்குரலோடு, ஹரிசன் 1995இல் வாசித்த கிற்றாரையும் சேர்த்து, மக்கார்ட்னியும் றிங்கோ ஸ்ராரும் பாட்டை நிறைவு செய்தனர். 2023 நவம்பர் 2ஆம் நாள் வெளியான அது, பிரித்தானியாவில் விற்பனையில் முதலிடம் பெற்றது.

இரண்டாவது, போலந்து நாட்டு இசையமைப்பாளர் ஹென்றிக் குரெட்ஸ்கியின் நான்காவது சிம்பொனி. இவர் 1976இல் இயற்றிய மூன்றாவது சிம்பொனியின் இசைத்தட்டு 1992இல் வெளிவந்து, பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. செவ்வியல் இசையில் இஃது அரிய நிகழ்ச்சி. நான்காவது சிம்பொனி அரங்கேறுமுன், 2010 நவம்பரில் அவர் உயிர்நீத்தார். பியானோவுக்குரிய சுருக்க வடிவமும், எவ்விடத்தில் எக்கருவி ஒலிக்கவேண்டும் என்னும் குறிப்புகளுமே எஞ்சின. இசையமைப்பாளரான அவர் மைந்தர் மிக்கொவாய், அக்குறிப்புகளைப் பின்பற்றி முழு வாத்தியக் குழுவுக்கும் எழுதி முடித்தார். 2014இல் இலண்டனில் அரங்கேறிய அப்படைப்பின் ஒலிப்பதிவு 2016இல் வெளியாயிற்று.

இவ்வாறு செய்தல் தகுமா? லெனன் உயிரோடிருந்திருப்பின் பாட்டை மாற்றியிருக்கலாம், முற்றாகவே ஒதுக்கியுமிருக்கலாம். அவர் நாடாவிலே பாடியிருந்த ஒரு பகுதி, வெளியான பாட்டில் இல்லை. அதனை நீக்க அவர் சம்மதம் தந்தாரல்லர். மறுபுறம், ஒருவரும் தொடாதிருந்திருப்பின் ஒரு நல்ல குரல் இரைச்சலுக்குள்ளே புதைந்து கிடந்திருக்கும். ஒரு சிம்பொனி காகிதத்தோடு நின்றிருக்கும்.

இங்கே ஒரு வேற்றுமையை மனங்கொள்ளல் வேண்டும். கணினி லெனனின் குரலைப் பிரித்தெடுத்ததேயன்றிப் புதிதாகப் படைக்கவில்லை. மைந்தரும் தந்தையின் குறிப்புகளையே வழிகாட்டியாகக் கொண்டார். இன்றோ, இறந்தவர் ஒருபோதும் பாடாத பாட்டை அவர் குரலிலேயே கணினி பாடிவிடுகிறது. எனவே, எது அவருடையது, எது பிறருடையது என்பதை ஒளிக்காமற் கூறுதல் இசைத்தட்டு வெளியிடுவோரின் கடமை. அதனைக் கேட்டறிதல் இரசிகரின் உரிமை.

பாணரின் மைந்தர், தாம் கவித்துவச் செருக்கினால் எழுதவில்லை என்றும், நூல் முற்றுப்பெறாமையால் நல்லோர் கொண்ட துயரத்தைக் கண்டே எழுதத் துணிந்ததாகவும் வெளிப்படக் கூறினார். விட்ட குறையைத் தொடும் கைகளுக்கு அந்த அடக்கமும் வாய்மையும் இருக்குமாயின், கேட்போர் அவற்றை மனமுவந்து வரவேற்பர்.