மார்க்குக்கு முன்னே மகள்



ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும்போது, தமிழ்நாட்டில் தேர்ச்சி விகிதத்தில் மாணவியர்தான் முந்துகிறார்கள். பெருமைதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கணக்குப் பரீட்சையைச் சரியாக எழுதாத அன்று, அதை அம்மாவிடம் பயப்படாமல் சொல்ல அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணால் முடிகிறதா?

அது வீட்டில் வளர்க்கும் விதத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர், 1960களில் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார். அதட்டியே வளர்ப்பவர்கள் ஒரு வகை. பாசமாக இருந்து எதையும் கண்டிக்காமல் விடுபவர்கள் இன்னொரு வகை. அன்பும் காட்டி, கட்டுப்பாடும் வைத்து, காரணமும் சொல்லுபவர்கள் மூன்றாம் வகை. 1987இல் டோர்ன்புஷ் என்ற ஆய்வாளரின் குழுவினர், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 7,000க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியரிடம், இந்த வளர்ப்பு வகைகளுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். மூன்றாம் வகை வீட்டுப் பிள்ளைகள் பொதுவாகக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள்.

ஆனால் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளிடம் இந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. சீனத் தாய்மாரை ஆராய்ந்த ரூத் சாவ், 1994இல் ஒரு விளக்கம் தந்தார்: அவர்களுடைய கண்டிப்புக்குள் அக்கறையும் உழைப்பும் இருக்கின்றன. நம் வீடுகளுக்கும் அதில் பாடம் உண்டு. கண்டிக்கிற அம்மா தன் பக்கம்தான் நிற்கிறாள் என்பது மகளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

தாய்மார்களே, பிள்ளைக்குப் பிள்ளை சுபாவம் வேறு. துணிச்சலான பெண் ஒரு திட்டை உதறிவிட்டுப் போவாள். கூச்சமுள்ள பெண் அதே திட்டைப் பரீட்சை அறை வரை சுமந்து போவாள். பயம் மனதை அடைத்துக்கொண்டால், படித்தது நினைவுக்கு வராது. "அக்காவைப் பார்" என்ற ஒரு சொல், படிக்கும் ஆசையையே கெடுத்துவிடும்.

மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்புள்ள குணம் எது என்று ஆய்வாளர்களைக் கேட்டால், பொறுப்புணர்வு என்பார்கள். தொட்டதை முடிப்பது, நேரத்தைத் திட்டமிடுவது, தவறைத் திருத்திக்கொள்வது. தவறைச் சொன்னால் அடி விழும் வீட்டில் பிள்ளை மறைக்கத்தான் பழகும். சொன்னால் கேட்டுக்கொள்ளும் வீட்டில் திருத்தப் பழகும்.

அன்பு இருந்தால் மார்க் தானாக வரும் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படிக்கிற பெண்ணைப் பார்த்து அம்மாவின் முகம் மலர்வதும் உண்டு. எது முந்தியது என்று பிரிப்பது கடினம். அதனால்தான் சொல்கிறேன்: மார்க் குறைந்த பெண்ணுக்கு அந்த முகமலர்ச்சி இன்னும் அதிகமாக வேண்டும்.

தந்தைமார்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்குப் போய் வந்து, அடுப்படியில் நின்று, தண்ணீர் பிடித்துவைத்துக் களைத்த மனைவியிடம் "மகளோடு பொறுமையாகப் பேசு" என்று உபதேசம் செய்யாதீர்கள். பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். மகளோடு உட்கார அந்தத் தாய்க்கு அரை மணி நேரம் கிடைக்கட்டும்.

அடுத்த முறை ராங்க் கார்டு வரும்போது, மார்க்கைப் பார்க்கும் முன் மகளின் முகத்தைப் பாருங்கள். எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். கேட்டபின் கண்டிக்க வேண்டியிருந்தால் கண்டியுங்கள். ஆனால் சாப்பாட்டையும் பேச்சையும் பாசத்தையும் மார்க்குக்குப் பரிசாக வைக்காதீர்கள். அவை அவளுடைய உரிமை.