மருத்துவரா? வணிகரா? (நம் சங்க ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில் நடுவர் ஆற்றிய உரை)



சமுதாயத்துக்குப் பெரிதும் வேண்டியவர் மருத்துவரா, வணிகரா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை மூட்டிவிட்டு, தீர்ப்பை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மருத்துவர் என்றால் முன்வரிசை அண்ணாச்சிமார் கோபித்துக்கொள்வார்கள். இந்தப் பந்தலும் ஒலிபெருக்கியும் அவர்கள் கொடுத்த நன்கொடை. வணிகர் என்றால் எனக்கு ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதித் தருகிற டாக்டர் கோபித்துக்கொள்வார். அவரும் இங்கேதான் இருக்கிறார். (சிரிப்பு)

மருத்துவர் அணியில் பேசிய தங்கை 2020-ஐ நினைவூட்டினார். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஒரே கழிப்பறைக்கு நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நிற்கிற இடம் இது. இங்கே பரவினால் பம்பாயே சுடுகாடாகும் என்று பத்திரிகைகள் எழுதின. (மும்பை என்று பெயர் மாற்றி இத்தனை ஆண்டுகள் ஆகியும் என் நாக்குக்குப் பம்பாய்தான் வருகிறது, மன்னியுங்கள்.) அப்போது மாநகராட்சி ஊழியர்களோடு சேர்ந்து, நம் சந்துகளில் சின்னச் சின்ன கிளினிக் வைத்திருக்கிற டாக்டர்கள், அந்தக் கொதிக்கிற வெயிலில் உடல் முழுக்கக் கவச உடை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிக் காய்ச்சல் பார்த்தார்கள். அதை இந்தத் தாராவி மறக்காது.

வணிகர் அணித் தம்பி விடவில்லை. "டாக்டர் வந்து காய்ச்சல் பார்த்தார், சரி, அடுப்பில் உலை வைக்க அரிசி யார் கொடுத்தது? கடை அண்ணாச்சி கடன் நோட்டில் எழுதிக்கொண்டே கொடுத்தாரே!" என்றார். உண்மை. அந்த நோட்டில் அடிக்கப்படாத கணக்குகள் இன்னும் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால், பட்டறையைப் பூட்டிவிட்டு, நின்ற கூலியையும் தராமல் செல்போனை அணைத்து வைத்துக்கொண்ட முதலாளிகளைப் பற்றித் தம்பி வாயே திறக்கவில்லை. கடைக்காரரும் வணிகர், அவரும் வணிகர்தானே?

இருவரும் தொடாத ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். டாக்டர் சீட்டு எழுதுகிறார். மருந்தைச் செய்து விற்பவர் வணிகர். அந்த மருந்து ஏழையின் கைக்கு எட்டுகிற விலையில் வருமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

இதே ஊரில் 1935-இல் குவாஜா அப்துல் ஹமீது என்பவர் தொடங்கியதுதான் சிப்லா கம்பெனி. அவர் மகன் யூசுப் ஹமீது 2001-இல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். எய்ட்ஸ் நோய்க்கு மூன்று மருந்து சேர்த்து உட்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பெருங்கம்பெனிகளிடம் வாங்கினால் ஒருவருக்கு ஓராண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார் ஹமீது. ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை! வணிகர் அணித் தம்பி இதைச் சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

ஆனால் அவரால் எப்படி முடிந்தது? 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தால் முடிந்தது. வெள்ளைக்காரன் 1911-இல் போட்ட சட்டத்தைத் திருத்துவதற்காக நீதியரசர் இராஜகோபால அய்யங்கார் 1959-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் வழியில் வந்த சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்கிற முறைக்கு மட்டும்தான் உண்டு என்றது. தாய்மார்களுக்குப் புரிகிறபடி சொன்னால், தோசை யாருக்கும் சொந்தமில்லை. நீ சுடுகிற முறை மட்டும் உனக்குச் சொந்தம், அதுவும் ஏழாண்டுக்கு மேல் கிடையாது. வேறு முறையில் நான் சுட்டு, பாதி விலைக்கு விற்கலாம். உலக வர்த்தக அமைப்புக்குத் தலையாட்டியதால் 2005-இல் அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். அப்போதும் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் மல்லுக்கு நின்றதால் சில தடுப்புகள் மிஞ்சின. சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கிய வழக்கொன்றில், பழைய ரத்தப் புற்றுநோய் மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் புதிது என்று காட்டிய சுவிட்சர்லாந்துக் கம்பெனியை, அந்தத் தடுப்பைக் காட்டித்தான் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த ஊரில் 'கட்' என்றால் என்னவென்று இங்கே கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஸ்கேனுக்கு அனுப்பினால் இவ்வளவு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அவ்வளவு. 2017-இல் மராட்டிய அரசே அதைத் தடுக்கச் சட்ட வரைவு எழுத வேண்டிவந்தது. இதற்கு மேல் சொன்னால் என் டாக்டர் மாத்திரையை மாற்றிவிடுவார்.

இனி நான் சொல்லப்போவது பட்டிமன்றத்துக்கு ஏற்றதா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

எனக்குத் தம்பி முறை உள்ளவன் ஒருவன். தோல் பை தைக்கிற பட்டறையில் பதினொரு ஆண்டு வேலை. 2016-இல் காசநோய் வந்தது. மாநகராட்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மா தங்கமானவர். ஆறு மாத மாத்திரையும் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது; ஆனால் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. வாடகை நின்றது. இரண்டாம் மாதம் இருமல் குறைந்ததும் மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டான். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் கூலி போகும் என்று அதையும் விட்டான். அடுத்த ஆண்டு நோய் திரும்பி வந்தது, எந்த மாத்திரைக்கும் மசியாத நோயாக. இன்று அவன் இல்லை.

தோழர்களே, 1948-லேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். இ.எஸ்.ஐ. பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறைக்கு அது பொருந்தும். இரண்டாண்டுக்கு மேல் பதிவில் இருப்பவருக்குக் காசநோய் போன்ற நீண்ட நோய் வந்தால், கூலியில் 80 விழுக்காடு வரை, இரண்டு ஆண்டு வரை வீட்டில் இருந்தே வாங்கலாம். 2019 ஜூலையில் குறைத்த கணக்குப்படி, 15,000 ரூபாய் கூலிக்குத் தொழிலாளி பங்கு 112 ரூபாய் 50 காசு, முதலாளி பங்கு 487 ரூபாய் 50 காசு. குறைப்பதற்கு முன்னும் யாரும் போண்டியாகிற தொகை இல்லை. என் தம்பியின் பட்டறையில் பதினான்கு பேர் தைத்தார்கள். புத்தகத்தில் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் அவன் பெயர் இல்லை. பத்தாவது பெயராக எழுதியிருந்தால் அத்தனை பேருக்கும் இ.எஸ்.ஐ. வந்திருக்கும்.

அந்த முதலாளி மராட்டியரோ சேட்டோ இல்லை. நம் ஊர்க்காரர், நம் மொழி பேசுபவர். பெயர் சொல்ல மாட்டேன். தமிழன் தமிழனுக்கு வேலை கொடுத்தான் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோமே, ஒன்பதோடு நிறுத்திய கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. இன்றைய சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா என்று ஓர் ஊர். பிலாய் உருக்காலைக்கு இரும்புக் கல் வெட்டுகிற சுரங்கங்கள் உள்ள ஊர். அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்கள் சங்கர் குஹா நியோகியின் தலைமையில் சங்கம் வைத்தார்கள். 1977 ஜூனில் துப்பாக்கிச் சூட்டில் தோழர்களைப் பறிகொடுத்தார்கள். பிறகு சங்கத்தின் துணைத் தலைவரான ஒரு பெண் சரியான சிகிச்சை இல்லாமல் பிரசவத்தில் இறந்துபோனார். அழுதுவிட்டுக் கலைந்து போகவில்லை அவர்கள். தங்கள் கூலியில் பணம் போட்டு, தாங்களே மண் சுமந்து, 1983 ஜூன் 3 அன்று ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். ஷஹீத் ஆஸ்பத்திரி, தியாகிகளின் ஆஸ்பத்திரி. பினாயக் சென் போன்ற டாக்டர்கள் அவர்களைத் தேடி வந்து வேலை செய்தார்கள். நியோகியை 1991-இல் தூங்கும்போது சுட்டுக் கொன்றார்கள். ஆஸ்பத்திரி நின்றுவிடவில்லை.

தீர்ப்புக்கு வருகிறேன். மருத்துவர் அணிக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். உயிரைத் தொடுகிற கை அது. வணிகர் அணி வருத்தப்பட வேண்டாம், புத்தகத்தில் பத்தாவது பெயரை எழுதுகிற முதலாளிக்கு அந்த மதிப்பெண்ணை நானே திருப்பித் தருகிறேன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் சங்க அலுவலகத்தில் இருப்பேன். தன் பெயர் பதிவில் இருக்கிறதா என்று தெரியாதவர்கள் கூலிச் சீட்டோ, அடையாள அட்டையோ, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள். முதலாளிமாரும் வரலாம், எல்லோருக்கும் தேநீர் உண்டு.