கோல் விழுந்தால் ஒரு துண்டு கோழி



ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கால்பந்து ரசிகர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, அடிபட்ட நாய்கள், மிரண்டுபோன நாய்கள், யாரோ வளர்த்துக் கைவிட்ட நாய்கள் ஆகியவற்றைச் சில மாதம் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல குடும்பமாகப் பார்த்துக் கொடுத்துவருகிறோம். ஃபாஸ்டர் என்று இதைச் சொல்வார்கள். அந்த நாய்க்கு நிரந்தர வீடு கிடைக்கும் வரை அது நம் பொறுப்பில் இருக்கும். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்களைச் சேர்த்துவைத்தது ரயில். சென்னையின் எஃப்.சி. ஆட்டம் இருக்கிற நாளில் ஆவடியில் மின்சார ரயிலைப் பிடித்து மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கினால், நேரு விளையாட்டரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். திரும்பும்போது நீலச் சட்டைக்காரர்கள் ஒரே பெட்டியில் ஏறுவோம். வியாசர்பாடி ஜீவாவில் சிலர், வில்லிவாக்கத்தில் சிலர், அம்பத்தூரில் சிலர் என்று இறங்கிப் போக, ஆவடி வரை மிஞ்சுகிறவர்கள் எப்போதும் அதே ஆட்கள்தான். 2015இலும் 2017-18 பருவத்திலும் அணி கோப்பையை வென்றபோது சேர்ந்து கத்தினோம். பிறகு வந்த வறண்ட வருடங்களிலும் டிக்கெட் எடுத்தோம். எங்களில் டாங்க் தொழிற்சாலை ஊழியர் ஒருவர், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், இரவுப் பணி பார்க்கிற செவிலியர் ஒருவர், பட்டாபிராமிலிருந்து வருகிற கல்லூரிப் பெண் ஒருவர். ரயிலில் ஆட்டத்தைப் பற்றிப் பேசி முடித்தபிறகு வேறு என்னென்னவோ பேசுவோம். அப்படிப் பேச்சில் வந்ததுதான் இந்த நாய் விஷயமும்.

ஆரம்பத்தில் வந்தவற்றில் ஒரு கறுப்பு நாய் உண்டு. பூந்தமல்லி–ஆவடி நெடுஞ்சாலையில் வண்டி இடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கால் கோணலாகிவிட்டது. அதனால் கரிஞ்சா என்று பெயர் வைத்தோம்.

பிரேசிலின் மாபெரும் ஆட்டக்காரர் கரிஞ்சாவுக்கு இரண்டு காலும் வளைந்தவை. பெயருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1962 உலகக் கோப்பையில், சிலி நாட்டின் வீஞ்யா டெல் மார் ஊரில், பிரேசிலுக்கும் இங்கிலாந்துக்கும் காலிறுதி ஆட்டம். நடுவில் ஒரு தெருநாய் மைதானத்துக்குள் ஓடிவந்து, பிடிக்கப் போனவர்களுக்கெல்லாம் டிமிக்கி கொடுத்தது. இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, நாயின் மட்டத்துக்கே இறங்கினார். அவரிடம் அகப்பட்டுக்கொண்டது. தூக்கியதும் அவர் சட்டையை நனைத்துவிட்டது. ஆட்டத்தில் பிரேசில் 3–1 என்று வென்றது, கரிஞ்சா இரண்டு கோல் போட்டார். அந்த நாயைக் கரிஞ்சாவே வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார் என்று கிரீவ்ஸ் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

கிரீவ்ஸ் அன்று தன்னையறியாமல் செய்ததை நாங்கள் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். மிரண்ட நாய்க்கு மேலே நின்று, அதன் தலைக்குக் கை நீட்டாதீர்கள். உட்காருங்கள். நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். அது சிறுநீர் கழித்துவிட்டால் அதட்டாதீர்கள், பயத்தில் உடம்பு செய்கிற காரியம் அது.

எங்கள் கரிஞ்சா வந்த நாளில் நேராக வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. இந்த நேரத்தில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் சிரமம் கொடுக்கிறார்கள். பாவம் என்று கொஞ்சுவார்கள், பிஸ்கட்டை மூக்கருகே நீட்டுவார்கள், குழந்தைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். அடி வாங்கிய நாய்க்கு மனிதனின் கை எதற்கு நீள்கிறது என்று தெரியாது. கை நெருங்கினால் அது உதட்டை நக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். இவ்வளவும் ‘கிட்டே வராதே’ என்று அது கெஞ்சுவது. நாம் புரிந்துகொள்ளாவிட்டால் அடுத்து உறுமும். அதையும் மீறினால் கடிக்கும். கடித்தபிறகு ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்போம். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அது கடித்திருக்கும்.

முதல் சில நாட்களில் அதற்கு வேண்டியது தூக்கம், தண்ணீர், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சாப்பாடு, பிறகு தன்னைக் கண்டுகொள்ளாத ஒரு மனிதத் துணை. இந்தக் கடைசிச் சங்கதி கேட்க எளிது, கிடைப்பது கடினம். பகலெல்லாம் வீட்டில் ஆள் நடமாட்டம், மிக்சி சத்தம், காலிங் பெல், தெருவில் தண்ணீர் லாரி. நாய் வெளியே வராது. ராத்திரி பதினொன்றரைக்கு மேல் விளக்கெல்லாம் அணைந்தபிறகுதான் மெதுவாக எட்டிப் பார்க்கும்.

கால்பந்து ரசிகர் விழித்திருக்கிற நேரமும் அதுதான். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பல நம் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோ தொடங்கும். வீட்டில் மற்றவர்கள் தூங்க, சத்தத்தைக் குறைத்துவைத்து, டிவியைப் பார்த்தபடி ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் நாயைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பயந்த நாய்க்கு இதைவிட நல்ல துணையை எந்தப் பயிற்சியாளரும் ஏற்பாடு செய்ய முடியாது. கரிஞ்சா முதலில் சமையலறை வாசல் வரை வந்தது. அப்புறம் ஒருநாள் சோபாவின் அந்த ஓரம். பிறகு ஒரு ராத்திரி, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, என் பாதத்தின் மேல் அதன் தாடை வந்து படிந்தது. நான் காலை எடுக்கவில்லை, கால் மரத்துப்போயும் எடுக்கவில்லை.

ஆனால் ரசிகருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோல் விழுந்தால் கத்துவார். ஒரே கத்தலில் பல நாள் உழைப்பு வீணாகிவிடும்.

இதற்கு எங்கள் செவிலியர் சொன்ன வழி, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் காட்டிய வழி. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பத் திரும்ப ஒரே ஒலியைக் கேட்டுப் பழகிய நாய்க்கு, அந்த ஒலி மட்டும் கேட்டாலே எச்சில் ஊறும் என்று காட்டினார். நாங்கள் உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழியைச் சின்னத் துண்டுகளாகக் கிண்ணத்தில் வைத்துக்கொள்வோம். வெங்காயம் நாய்க்கு விஷம், வெந்த எலும்பு தொண்டையையும் குடலையும் குத்திவிடும். டிவி சத்தம் தாழ்வாகத்தான் இருக்கும். வர்ணனையாளர் குரல் உயர்ந்து, கூட்டம் ஆர்ப்பரித்தால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். ஒரு துண்டை நாயின் பக்கம் தரையில் உருட்டிவிடுவோம். எப்போதும் சத்தம் முதலில், கோழி பிறகு. நாய் மிரளாமல் இருக்கிற அளவுக்கு மட்டும் நாளடைவில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். சில வாரங்களில் கரிஞ்சா, கூட்டத்தின் ஆரவாரம் எழுந்தாலே டிவியை விட்டுவிட்டு என் கையைப் பார்க்கத் தொடங்கியது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினாலும் அதற்குக் கோழி உண்டு.

பட்டாசுக்கு இந்த வித்தை செல்லாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2022 டிசம்பர் 18ஆம் தேதி இரவு அர்ஜென்டினாவும் பிரான்சும் 3–3 என்று முடித்து, பெனால்டியில் அர்ஜென்டினா 4–2 என்று வென்றதே, அன்று எங்கள் தெருவில் சரவெடி போட்டார்கள். அப்போது வீட்டிலிருந்த நாய் கட்டிலுக்கடியில் போய் அடுத்த நாள் வரை வரவில்லை. தீபாவளிக்கும் அப்படித்தான். அந்த நாட்களில் உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, பக்கத்தில் இருப்பதுதான் முடியும். ரொம்ப நடுங்குகிற நாய்க்கு முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கதவு மட்டும் திறந்திருக்கவே கூடாது. வெடிச் சத்தத்தில் ஓடித் தொலைந்த நாய்கள் ஏராளம்.

இன்னொரு நாயின் கதை நம் பக்கத்தில் பலருக்கு நினைவிருக்கும். பூந்தமல்லியைத் தாண்டியிருக்கிற குன்றத்தூரில் ஒரு மருத்துவ மாணவர் மாடியிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி எறிந்தார். இன்னொருவர் அதைப் படம் பிடித்தார். 2016 ஜூலையில் அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. செத்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். விலங்கு ஆர்வலர்கள் தேடிப்போய், எலும்பு முறிவோடு உயிருடன் கண்டுபிடித்தார்கள். பத்ரா என்று பெயர் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள், அதற்கு ஒரு வீடும் கிடைத்தது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. எனக்கு ஆத்திரம் இன்றும் தீரவில்லை. ஆனால் அந்தக் கதையில் நான் பிடித்துக்கொண்டது, எறிந்த கையைவிடத் தேடிப்போன கால்களைத்தான்.

தேடிப்போகிற பழக்கம் சென்னைக்குப் பழையது. 1959இல் தியாகராய நகரில் கொட்டிய மழையில், தெருவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். அவரும் அவர் மனைவி உஷா சுந்தரமும் தொடங்கியதுதான் புளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்பு. அந்தக் காலத்தில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. 1996இல்தான் அதை விட்டுக் கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. இன்று நாடு முழுவதற்கும் இந்தக் கருத்தடைக்கென 2023ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றமும், வெறி பிடித்த, மூர்க்கமான நாய்கள் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. விருப்பமுள்ளவர்கள் தத்தெடுக்கலாம், எடுத்த நாயைத் திரும்பத் தெருவில் விடக் கூடாது என்றும் சொன்னது.

அதனால் நல்ல உடம்போடு, காது நுனியில் கருத்தடை அடையாள வெட்டோடு, தெருக்காரர்கள் சோறு போட வாழ்கிற நாயை நாங்கள் தூக்கிவருவதில்லை. அதன் வீடு அந்தத் தெருதான். தாயில்லாத குட்டி, அடிபட்டது, வீடு மாறும்போது அவிழ்த்துவிட்டுப் போன லேப்ரடார், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைப் போன்ற நாட்களில் திக்குத் தெரியாமல் வந்து நிற்பவை, இவற்றுக்குத்தான் இடைக்கால வீடு வேண்டும். காப்பகத்தில் நூற்றுக்கணக்கான நாய்களின் குரைப்புக்கு நடுவே மிரண்ட நாய் தேறாது.

ஒருவரால் தனியாக இதைச் செய்ய முடியாது. எங்களுக்கு ரசிகர் கூட்டமாக இருப்பது கைகொடுக்கிறது. தன் வீட்டில் நாய் வைக்க இடமில்லாத ஆட்டோக்காரர்தான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எல்லா நாய்களையும் கொண்டுபோகிறார். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனைச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். நாய் வைத்திருப்பவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால், நாயை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். ஆள் போய் அந்த வீட்டில் தங்குவார். மிரண்ட நாய்க்கு வீடு மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். 2022இல் ருமேனியாவில் லீக் ஆட்டங்களுக்கு முன்னால் வீரர்கள் காப்பக நாய்களைக் கையில் ஏந்தி மைதானத்துக்கு வந்து, தத்தெடுக்கச் சொல்லி வேண்டினார்கள். நம் நேரு விளையாட்டரங்கத்திலும் ஒருநாள் அப்படி நடக்க வேண்டும் என்பது என் ஆசை. பயந்த நாயை மட்டும் கூட்டத்துக்கு நடுவே கொண்டுவரக் கூடாது, நன்றாகத் தேறிய குட்டிகளைத்தான் கொண்டுவர வேண்டும்.

முடிப்பதற்கு முன் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். நாயைக் கையாளப் போகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு ரேபிஸ் முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், புதியதை இரண்டு வாரமாவது தனியறையில் வையுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்கள் இரண்டும் குட்டிகளைக் கொன்றுவிடும்.

தத்துக் கொடுக்கும்போது ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்போம். கரிஞ்சாவின் தாளில் இப்படி இருந்தது: துடைப்பத்தைக் கண்டால் ஓடும். ஹெல்மெட் போட்டவரைப் பார்த்துக் குரைக்கும். வளைந்த காலைத் தொட்டபோது ஒருமுறை கடித்திருக்கிறது. தயிர்சாதம் பிடிக்கும். இரவில் டிவி பார்க்கும். கடித்ததை எழுதியதால் இரண்டு குடும்பங்கள் வேண்டாம் என்றன. எழுதாமல் கொடுத்திருந்தால் சீக்கிரமே திரும்பி வந்திருக்கும். மூன்றாவதாக வந்த திருமுல்லைவாயல் தம்பதி தாளை இரண்டு முறை படித்தார்கள், தரையில் உட்கார்ந்தார்கள், நாய் வரும் வரை சும்மா இருந்தார்கள். கொடுத்துவிட்டோம்.

இப்போது எங்களிடம் ஒரு பழுப்பு நிறப் பெட்டை இருக்கிறது. பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா பக்கம் கழுத்தில் அறுந்த கயிற்றோடு கிடைத்தது. கருத்தடையும் தடுப்பூசியும் ஆகிவிட்டது. கையிலிருந்து இன்னும் சாப்பாடு வாங்குவதில்லை, கிண்ணத்தை வைத்துவிட்டு நகர்ந்தால் சாப்பிடும். அதை வைத்திருக்கும் செவிலியருக்கு வேலை இடம் மாறுகிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்தில் தரைத்தளத்தில் வீடும், இரவில் சற்று நேரம் விழித்திருக்கிற ஆளும் உள்ள குடும்பம் ஒன்று மூன்று மாதத்துக்கு வேண்டும். சின்னக் குழந்தைகள் இல்லாத வீடாக இருக்க வேண்டும். கால்பந்து பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, பழைய சினிமாப் பாட்டு கேட்கிறவராக இருந்தாலும் போதும். சாப்பாட்டுச் செலவும் மருத்துவச் செலவும் எங்கள் பொறுப்பு.