மழலை தாமதித்தால்



குழந்தையின் மழலையைக் கேட்டு மகிழாதவர் இல்லை. அம்மழலை உரிய காலத்தில் வாராதொழிந்தால் என் செய்வது என்று எண்ணிப் பார்ப்பவரோ மிகச் சிலர். "இவன் தகப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தான், தானே பேசுவான்" என்று வீட்டுப் பெரியோர் ஆறுதல் கூறுவர். அன்பினால் எழும் சொல்தான் அது. ஆயினும் அதனால் கழியும் காலம் மீள்வதில்லை.

நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், முதல் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். முகம் பார்த்துக் கேட்டால் தட்டுத் தடுமாறி விடை சொல்வான். கரும்பலகையின் பக்கம் திரும்பி நின்று கேட்டால் வாளா இருப்பான். பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டிப் பலமுறை அவனை நிற்க வைத்தேன். அவன் என் உதட்டசைவைக் கொண்டே சொற்களை அறிந்தான் என்பதும், அவனுக்குச் செவிப்புலன் பெரிதும் குறைந்திருந்தது என்பதும் ஈராண்டு கழிந்த பின்னரே தெரிய வந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியனாக இருந்தும் அதனை நான் உணரவில்லை என்பது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

பேச்சு செவியின் வழியே வளர்வது. செவிக்குறை உடைய குழந்தையும் முதற் சில மாதங்களில் குரல் எழுப்பும். ஆதலின் பெற்றோர் ஐயுறுவதில்லை. ஓராண்டை ஒட்டி முதற்சொல்லும், இரண்டாண்டு நிறைவில் 'அம்மா வா' என்பது போன்ற இரு சொற்சேர்க்கையும் தோன்றுதல் இயல்பு. தோன்றாவிடில் முதற்கண் செவியைச் சோதித்தல் வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் குழந்தைகளைப் பற்றி 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, 6 மாதத்திற்குள் செவிக்குறை கண்டறியப்பட்டோர், பின்னர் கண்டறியப்பட்டோரினும் மொழித்திறனில் மேம்பட்டிருந்தமையைக் காட்டிற்று. ஒரு மாதத்திற்குள் சோதனை, 3 மாதத்திற்குள் உறுதிப்பாடு, 6 மாதத்திற்குள் உதவி என்பது வல்லுநர் வகுத்துள்ள நெறி.

செவி நன்றாயிருந்தும் பேச்சு தாமதிப்பதுண்டு. அதற்கும் பயிற்சி உண்டு. அப்பயிற்சி அதட்டிச் சொல்ல வைப்பதன்று. குழந்தை பந்தை நோக்கினால் நாமும் அதனை நோக்கிப் 'பந்து' என்போம். அது 'பந்து' என்றால், 'பெரிய பந்து' என்று ஒரு சொல் கூட்டுவோம். பின்னர் அதன் மறுமொழிக்குப் பொறுமையுடன் காத்திருப்போம். பயிற்சியாளர் குழந்தையைக் காணும் நேரம் சிறிது. ஏனைய நேரமெல்லாம் வீடே பள்ளி. மைசூரில் 1965-இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறை வல்லுநரை உருவாக்கி வருகிறது.

மாணவர்களே! உங்கள் வீட்டிலோ அண்டையிலோ பேசத் தாமதிக்கும் குழந்தை இருப்பின் நகையாடாதீர்கள். நீங்கள் கண்டதைப் பெரியோரிடம் எடுத்துக் கூறுங்கள். அச்சிறுவனுக்கு நான் செய்யத் தவறியதை, வேறொரு குழந்தைக்கு நீங்கள் செய்தவர் ஆவீர்கள்.