தொழிற்பாதுகாப்பும் ஒரு படிப்புதான்

(மும்பைக் கிளையில் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நடந்த மேற்படிப்பு ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எனக்கு முன்னால் பேசியவர்கள் கம்ப்யூட்டர், ஸி.ஏ., வெளிநாட்டுப் படிப்பு எல்லாவற்றையும் அழகாக எடுத்துச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது யாரும் கேட்காத ஒரு படிப்பு. தொழிலாளர் ஆரோக்கியம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் மேலாண்மை ஆகிய மூன்றும் சேர்ந்த படிப்பு. "மாமா, பழங்கதை வேண்டாம், கோர்ஸ் விவரம் மட்டும் சொன்னால் போதும்" என்று செயலாளர் காலையிலேயே எச்சரித்துவிட்டார். முயற்சி செய்கிறேன். முடியும் என்று தோன்றவில்லை.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. 1972ல் மத்திய அரசின் ஒரு துறையில் சேர்ந்து, 2010ல் ஓய்வு பெற்றேன். தொழிற்சாலைகளுக்குப் போய் அங்குள்ள காற்றில் தூசி எவ்வளவு, புகை எவ்வளவு, சத்தம் எவ்வளவு என்று அளந்து ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. உறவினர்களிடம் இதை விளக்கி மாளாது. "ஃபாக்டரியில் தூசி தட்டுகிற வேலை" என்று என் மைத்துனர் கேலி செய்வார். அவர் பாங்க் ஆபீஸர்.

இரண்டு வருஷம் முன்பு என் பேத்தி, கெமிகல் இன்ஜினீயரிங் முடித்தவள், திருச்சி என்.ஐ.டி.யில் தொழிற்பாதுகாப்புப் பொறியியல் என்ற எம்.டெக். படிக்கப் போகிறேன் என்றாள். வீட்டில் பூகம்பம். கையில் நல்ல ஸாஃப்ட்வேர் வேலை இருந்தது. மாப்பிள்ளை என்னிடம் வந்து, "ஹெல்மெட் மாட்டிண்டு ஃபாக்டரி ஃபாக்டரியா அலையறதுக்கா இத்தனை படிக்க வெச்சோம்? நீங்களாவது சொல்லுங்கோ மாமா" என்றார். நானும் சொல்வதாகத்தான் ஒப்புக்கொண்டேன். அவளைப் பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போய், இந்த வேலையில் என்ன கஷ்டம் என்று புரியவைப்பதற்காக ஒரு பழைய விஷயத்தைச் சொன்னேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

1991ம் வருஷம். மேற்கு இந்தியாவில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் ஆலை. அரைத்த மாவு கண்ணாடி செய்யப் போகும். உள்ளே நுழைந்தால் எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது. தொழிலாளர்கள் எல்லாரும் மலைப்பகுதிகளிலிருந்து குடும்பத்தோடு வந்து, ஆலைச் சுவருக்குப் பின்னாலேயே குடிசை போட்டுக்கொண்டவர்கள். அதில் ஒருவருக்கு இடுப்பில் சின்ன பம்ப், சட்டைக் காலரில் தூசி பிடிக்கும் ஃபில்டர் மாட்டினேன். நிமிஷத்துக்கு 1.7 லிட்டர் காற்றை இழுக்கும். நம் மூச்சில் நுரையீரலின் அடிவரை போகக்கூடிய பொடித் தூசியை மட்டும் அது பிடிக்கும். எட்டு மணி நேரத்தில் 816 லிட்டர். மறுநாள் தராசில் வைத்தால் ஃபில்டரின் எடை ஒன்றரை மில்லிகிராம் கூடியிருந்தது.

ஒன்றரை மில்லிகிராம் என்றால் ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். தொழிற்சாலைச் சட்டத்தில் 1987 திருத்தத்தின்போது சேர்த்த அட்டவணையில் இதற்கு ஒரு சூத்திரம் இருந்தது. தூசியில் உள்ள குவார்ட்ஸின் சதவீதத்தோடு 2ஐக் கூட்டி, அதனால் 10ஐ வகுக்க வேண்டும். இந்தத் தூசியில் 98 சதவீதம் குவார்ட்ஸ். 10ஐ 100ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதுதான் உச்சவரம்பு. நான் கண்டது 1.8; பதினெட்டு மடங்கு. இந்தத் தூசி நுரையீரலில் தழும்பு தழும்பாகப் படியும். அதன் பெயர் ஸிலிகோஸிஸ். வந்துவிட்டால் மருந்து கிடையாது. தூசியை விட்டு விலகிய பிறகும் அது வளரும்.

ரிப்போர்ட் எழுதினேன். ஆங்கிலத்தில், ஒன்பது பக்கம். ஆறு மாதம் கழித்து, குறையைச் சரிசெய்துவிட்டதாக ஆலையிலிருந்து கடிதம் வந்தது. மறுபடி போனேன். சுவரில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபான் வைத்திருந்தார்கள். உள்ளே முகம் தெரிந்தது. அளந்தேன், 0.1ஐ ஒட்டி வந்தது. "திருப்திகரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போதுதான் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு ஜீப்புக்கு வந்தேன். ஃபான் ஊதுகிற திசையில்தான் அந்தக் குடிசைகள். கூரை, அடுப்பு, தண்ணீர்ப் பானை, தூளியில் கிடந்த குழந்தை, எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி.

என் வேலை சுவருக்கு உள்ளே மட்டும். வெளியே வேறு சட்டம், வேறு இலாகா. அது உண்மையும்கூட. ஜீப்பில் ஏறி வந்துவிட்டேன். முதல் தடவை யாருக்கு பம்ப் மாட்டினேனோ அந்த ஆளைக் காணோமே என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "இருமல், ஊருக்குப் போய்விட்டான்" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேத்தி ஒன்றுதான் கேட்டாள். "தெரிஞ்சப்புறமும் அந்தக் கையெழுத்தை அடிக்கலையா தாத்தா?" பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அடிக்கவில்லை. ஒரு துணைக் கடிதமாவது எழுதியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. முப்பத்தெட்டு வருஷ ஸர்வீஸில் என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. அதற்கு மேல் அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

இந்தப் படிப்பில் ஏன் மூன்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த ஃபான்தான். பாதுகாப்பு மட்டும் படித்தவன் தூசியை வெளியே தள்ளுவான். சுற்றுச்சூழல் மட்டும் படித்தவன் கதவை மூடி உள்ளேயே வைப்பான். தொழிலாளியின் நுரையீரலையும் அவன் குழந்தையின் நுரையீரலையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கத்தான் மூன்றும் வேண்டும். நான் படித்த நாளில் அப்படி ஒரு பாடம் கிடையாது. ஆனால் கேள்வி மிகப் பழையது. 1700ல் இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற வைத்தியர் தொழிலாளர் வியாதிகளைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சக வைத்தியர்களுக்குச் சொன்னவர் அவர். இன்றைக்கும் எத்தனை டாக்டர்கள் அதைக் கேட்கிறார்கள்?

இந்தப் படிப்பு முதலில் கற்றுத்தருவது ஒரு வரிசை. ஆபத்தான பொருளே இல்லாமல் வேலையைச் செய்ய முடியுமா? முடியாவிட்டால் வேறு பொருள் உண்டா? அதுவும் இல்லையென்றால் இயந்திரத்தை மூடலாமா, தண்ணீர் தெளித்து அரைக்கலாமா, தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சிப் பையில் பிடிக்கலாமா? அதற்குப் பிறகுதான் வேலை நேரத்தைக் குறைப்பது. முகமூடி கடைசி. நம் ஊரில் வரிசை நேர் தலைகீழ். முதலில் முகமூடி, அப்புறம் "ஜாக்கிரதை" என்று ஒரு போர்டு, கடைசியில் ஆள்மேல் பழி.

போபாலை எல்லாரும் அறிவீர்கள். 1984 டிஸம்பர் 2ம் தேதி இரவு. தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது எப்படி என்று இன்றும் தர்க்கம் நடக்கிறது. ஆனால் தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் அன்று வேலையில் இல்லை. இவற்றில் தர்க்கம் இல்லை. அதற்குப் பிறகுதான் 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் அபாயத் தொழில்களுக்குத் தனி அத்தியாயமும் வந்தன. இன்று மாணவர்கள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள்: ஒரு குழாயைக் காட்டி, இதில் ஓட்டம் நின்றால் என்ன, கூடினால் என்ன, திரும்பி ஓடினால் என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும் 'ஹாஸாப்' முறை. அதோடு தீயணைப்பு, நச்சியல், உடலுழைப்பு ஆராய்ச்சி, கழிவு நிர்வாகம், சட்டம்.

சரி, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விவரத்துக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கொச்சி பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் தீயணைப்புப் பொறியியல் என்று பி.டெக். உண்டு. பி.இ. முடித்தவர்களுக்கு, சொன்னேனே, திருச்சி. நம் பவாயில் இருந்த நிட்டி, 2023ல் ஐ.ஐ.எம். மும்பை ஆனது, அங்கேயும் இந்தத் துறைக்கென்றே ஒரு முதுநிலை டிப்ளமோ நடந்து வந்தது. இப்போது பெயரும் பாடமும் மாறியிருப்பதால் நேரில் விசாரியுங்கள். வேலையில் இருப்பவர்களுக்கு இங்கே ஸயனில் மத்தியத் தொழிலாளர் நிலையம் இருக்கிறது. சென்னை, கொல்கத்தா, கான்பூர், ஃபரீதாபாத்தில் அதன் மண்டல நிலையங்கள். அங்கே தொழிற்பாதுகாப்பில் ஒரு வருஷ டிப்ளமோ. எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்களுக்கு மூன்று மாதத்தில் தொழில் ஆரோக்கியம் பற்றிய பயிற்சி. பி.எஸ்ஸி. பௌதிகம், கெமிஸ்ட்ரிக்காரர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் பல மாநில விதிகளில் பாதுகாப்பு அதிகாரி ஆவதற்கு அவர்களுக்கு ஐந்து வருஷத் தொழிற்சாலை அனுபவம் கேட்டார்கள், இன்ஜினீயருக்கு இரண்டு.

அதே விதிகளில் இன்னொரு வரி உண்டு, யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பிரதேசத்தில் பெரும்பாலான தொழிலாளர் பேசும் பாஷை அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் ஒன்பது பக்க ஆங்கிலத்தை நினைத்துக்கொள்கிறேன்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். பழைய சட்டப்படி பொதுவாக 1,000 பேர் வேலை செய்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். 2020ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் 500 பேர். அபாயத் தொழிலிலும் கட்டுமானத்திலும் 250, சுரங்கத்தில் 100. ஆகவே இடங்கள் கூடும். ஆனால் மூன்றே மாதத்தில் 'ஸேஃப்டி டிப்ளமோ', வளைகுடாவில் வேலை என்று தெருவுக்குத் தெரு போர்டு தொங்குகிறது. பணத்தைக் கட்டும் முன் அது மாநிலத் தொழிற்சாலை இலாகா ஏற்கும் சான்றிதழா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வேலையில் உங்கள் பெண்ணையோ பையனையோ ஆலையில் யாரும் விரும்பமாட்டார்கள். உற்பத்தி ஓடும்போது "நிறுத்து" என்று சொல்கிறவனை யார் விரும்புவார்கள்? சம்பளம் கொடுப்பவரிடமே அதைச் சொல்ல வேண்டும். அந்தத் தைரியத்துக்கு எந்த யூனிவர்ஸிடியிலும் மார்க் கிடையாது. எனக்கு வேலை போகும் பயம்கூட இல்லை, சர்க்கார் உத்தியோகம். அப்படியும் நான் ஜீப்பில் ஏறினேன்.

பேத்தி இப்போது திருச்சிப் பக்கம் ஒரு கல் க்ரஷரில் ப்ராஜக்ட் செய்கிறாள். வேலை செய்பவர்கள் முக்கால்வாசி பீஹார்க்காரர்கள். மும்பையில் வளர்ந்த ஹிந்தி அவளுக்கு அங்கே கைகொடுக்கிறது. அளந்ததை ஒரே பக்கத்தில் எழுதி வாசலில் ஒட்டப் போகிறாளாம், ஹிந்தியில் ஒன்று, தமிழில் ஒன்று. ஆலையைச் சுற்றிலும் வெளியே நான்கு இடத்தில் அளந்த கணக்கும் அதில் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தைப் போன வாரம் எனக்கு அனுப்பித் திருத்தச் சொன்னாள். ஏழு எழுத்துப் பிழை. திருத்தி அனுப்பிவிட்டேன்.

விண்ணப்ப விவரம் வேண்டுபவர்கள் காபிக்குப் பிறகு பின்வரிசை மேஜைக்கு வாருங்கள். பன்னிரண்டரை மணி வரை இருப்பேன்.