சொல் சேர்த்த சான்றோர்கள்

(கலைமகள் விழாவில் ஆற்றிய உரை)



ஏடுகளை வைத்து வழிபடும் இந்நன்னாளில் அகராதியைப் பற்றியும், அதனை ஆக்கியோரைப் பற்றியும் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். பொருள் தெரியாதபோது அகராதியைப் புரட்டுகிறோம். தெரிந்ததும் மூடி வைத்து விடுகிறோம். அதைச் செய்தவர் யார் என்று முதல் பக்கத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே.

பண்டைக் காலத்தில் நம் முன்னோருக்குத் துணையாக இருந்தவை நிகண்டுகள். சேந்தன் திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி நிகண்டு என்பன அவற்றுள் புகழ் பெற்றவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று வகை பிரித்துப் பாட்டாகவே பாடி வைத்தார்கள். திண்ணைப் பள்ளி மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் இல்லாதவருக்கோ வேண்டிய சொல்லைத் தேடிப் பிடிப்பது அரிது. இக்குறையைப் போக்கியவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்ட சதுரகராதியை அவர் 1732ஆம் ஆண்டில் அகர வரிசையில் அமைத்துத் தந்தார்.

அவருக்கும் முன்னர் அந்தாவோ தெ புரோயென்சா என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். அவர் 1666இல் காலமானார். கேரளத்து அம்பலக்காட்டில் நூல் அச்சானதோ 1679இல்! தம் உழைப்பை அச்சில் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. காலப்போக்கில் மறக்கப்பட்ட அந்நூலின் படி ஒன்றை வத்திக்கான் நூலகத்தில் தனிநாயகம் அடிகளார் கண்டெடுத்தார். அது மறுபதிப்பாக வெளிவந்தது எங்கே தெரியுமா? நம் கோலாலம்பூரில்தான். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்ற அதே 1966ஆம் ஆண்டில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை அதனை வெளியிட்டது. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். 1913இல் சாண்ட்லர் பாதிரியார் தலைமையில் மதுரையில் வேலை தொடங்கியது. ஐந்தாண்டுகளில் முடித்து விடலாம் என்று கருதினார்கள். முதற்பகுதி வெளிவரவே 1924 ஆகிவிட்டது. 1926இல் பதிப்பாசிரியர் பொறுப்பேற்ற வையாபுரிப் பிள்ளை அவர்கள் 1936இல் ஆறு தொகுதிகளை நிறைவு செய்தார். அனுபந்தம் 1939இல் வந்தது. ஆறு தொகுதிகளில் மட்டும் 1,04,405 சொற்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு; ஒவ்வொரு பொருளுக்கும் நூலாட்சியோ மக்கள் வழக்கோ சான்றாக வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடி, சரிபார்த்து, வரிசைப்படுத்தி, அச்சுப்பிழை நீக்க வேண்டும். காலதாமதத்துக்குக் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1974இல், தமது எழுபத்திரண்டாம் வயதில், செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார். 1981 சனவரியில் மறைந்தார். முதல் மடலத்தின் முதற்பகுதி 1985இல் வெளிவந்தது. பணி நிறைவெய்திய ஆண்டு 2011. 1992இல் வெளிவந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை இருமுறை விரிவாக்கிய இராமகிருஷ்ணன் அவர்கள், மூன்றாம் பதிப்பு வெளிவந்த அதே 2020 நவம்பரில் கோவிட் நோய்க்கு ஆளாகி உயிர் நீத்தார். ஒருவர் நட்ட மரத்துக்கு மற்றொருவர் நீரூற்ற, பழத்தை நாம் உண்கிறோம்.

சரி, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கிரியா அகராதியில் இலங்கைத் தமிழர் வழக்குகளும் இடம் பெற்றுள்ளன. நம் தோட்டத்து மக்கள் பேசிய தமிழை யார் எழுதி வைப்பது? விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது 'பெரட்டு'. பால் வடியும் கிண்ணம் 'மங்கு'. அதைத் துடைத்துக் கொடுக்கப் பிள்ளைகளும் உடன் போனார்கள். மரத்தில் காய்ந்து கிடப்பது 'ஒட்டுப்பால்'. தாய்மார்கள் கைக்குழந்தையை விட்டுச் சென்ற இடம் 'ஆயாக்கொட்டகை'. இவை பட்டப்படிப்புப் படித்தவர் ஆக்கிய சொற்களல்ல. உழைத்தவர் வாயில் வழங்கிய சொற்கள். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மக்கள் பட்டணம் சேர்ந்துவிட்டார்கள். அச்சொற்களை அறிந்த முதியோர் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் யாரிடம் கேட்பது?

மாணவச் செல்வங்களே! வருகிற பள்ளி விடுமுறையில் உங்கள் தாத்தா பாட்டியிடம் அமர்ந்து கேளுங்கள். ஒரு தாளில் ஒரு சொல் மட்டும் எழுதுங்கள். அதன் பொருள், அவர்கள் அதைச் சொன்ன வாக்கியம், எந்தத் தோட்டத்தில் வழங்கியது என்னும் மூன்றையும் அதன் கீழ் குறியுங்கள். பாட்டி சொன்னபடியே எழுதுங்கள்; திருத்த வேண்டாம். பேரகராதி செய்த பெரியோர்களும் இப்படித்தான் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தார்கள். நம் ஆலய நூல்நிலையத்தில் அத்தாள்களைச் சேர்த்து வைக்க ஒரு பெட்டி வைக்குமாறு செயற்குழு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றை வரிசைப்படுத்தும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். என் காலத்துக்குள் முடியாமற் போனால் உங்களில் ஒருவர் தொடருங்கள்.

கலைமகள் அருள் அனைவருக்கும் கிட்டுவதாக.