மேளமும் பேச்சே!

(வெள்ளவத்தையில் தெருநாடக இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

நாடகமாட முன்வந்திருக்கும் இளைஞர்களே!

உங்கள் ஒத்திகையை நேற்று மாலை கண்டேன். லொட்ஜ் வாயிலில் ஒருவன் படிவத்தை நீட்டுகிறான். பெயர் என்ன, ஊர் எது, கொழும்புக்கு வந்த காரணம் யாது என்று வினவுகிறான். எழுத எழுதப் படிவம் நீண்டுகொண்டே போகிறது. பார்த்தவர்கள் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. சட்டம் பயின்ற காலத்தில் அத்தகைய படிவத்தை என் கையாலேயே நிரப்பியவன் நான்.

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், வெள்ளவத்தை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்துக் கட்டளை பிறப்பித்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்கவும் வருத்தம் தெரிவித்தார். நன்று! ஆனால் எந்த அறையில் எவர் உறங்குகிறார் என்று எழுதிவைத்த பதிவேடுகளுக்காக வருத்தம் தெரிவித்தவர் யார்?

“பழைய புண்ணைக் கிளறுவானேன், தம்பி?” என்று பெரியவர் ஒருவர் சற்றுமுன் என்னைக் கேட்டார். ஐயா, பெயரைப் பதிவது சிறு காரியமாகத் தோன்றிய காலத்தில் நாம் வாளாவிருந்தோம். அதனாற்றான் கேட்கிறோம்.

நாடகத்துக்கு அஞ்சுவது அரசுகளின் பழக்கம். வெள்ளையர் 1912இல் இயற்றிய பொது ஆற்றுகைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ், நாடகப் பிரதி தணிக்கையாளர் மேசைக்குச் சென்று திரும்பவேண்டியிருந்தது. தெருநாடகமோ திரையும் மேடையும் வேண்டாதது. 1974 முதல் காமினி ஹத்தொட்டுவேகம தம் குழுவினருடன் சிங்கள மக்களிடையே வீதியிலேயே ஆடிக் காட்டினார். நியூயோர்க் நகரில் 1996இல் தோன்றிய ஒரு குழுவினர், கண்காணிப்புக் கமராக்களின் எதிரிலேயே நின்று நடித்தனர். கமராவுக்குக் கண் உண்டு, காது இல்லை. ஆகவே வசனங்களை அட்டையில் எழுதி உயர்த்திப் பிடித்தார்கள்! காவலரே அவர்களுக்கு அவையோர்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1992 ஜூலை 1ஆம் நாள் எதிர்க்கட்சிகள் ‘ஜன கோஷ’ என்ற இயக்கத்தை நடத்தின. மணியடித்தும் மேளங் கொட்டியும் ஆட்சியை எதிர்ப்பதே அதன் முறை. ஹிக்கடுவையில் பொலிசார் மேளத்தை நிறுத்தினர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 1993இல் நீதியரசர் மார்க் பெர்ணாந்து அளித்த தீர்ப்பு யாதெனில், பேச்சுச் சுதந்திரம் வாய்ச்சொல்லோடு முடிவதன்று. கருத்தை உணர்த்தும் பிற வழிகளும் அதனுள் அடங்கும் என்பதே. மேளமும் பேச்சாயிற்று! அப்படியாயின் உங்கள் நீண்ட படிவம் பேச்சல்லவா?

ஆனாலும் தீர்ப்பொன்று புத்தகத்தில் இருப்பதனால் கைவிலங்கு தானாகக் கழன்றுவிடாது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுப்புக் காவல் 18 மாதம் வரை நீளலாம் என்றிருந்தது. 2022இல் அதைக் குறைத்தும் 12 மாதம்! பெற்றோரின் அச்சத்தைக் கோழைத்தனமென்று நான் சொல்லமாட்டேன். என் தாயாரும் அவ்வாறே அஞ்சினார்.

ஆகவே நாளை ஆடுமுன் சிலவற்றை மனத்திற் கொள்ளுங்கள். காலி வீதியை மறிக்காதீர்கள். வழிமறித்தலே முதற் சாட்டாகும். எவரையேனும் கைதுசெய்தால் காரணத்தைக் கேளுங்கள். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை அவ்வுரிமையைத் தருகிறது. உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாட ஒரு மாதமே அவகாசம். நாளையும் நேரத்தையும் அன்றே எழுதிவையுங்கள். நானும் நாளை அங்கு வருவேன். கூட்டத்தின் ஓரத்தில், கறுப்புக் கோட்டுடன் நிற்பேன்.